தம்பையா சி நாலில் வைத்தது

பன்னிரண்டு நாளாகியும் மடத்துவெளி நடராசாவிடமிருந்து பதில் வரவில்லை. நாரந்தனைப் பள்ளிக்கூட எழுதுவினைஞர் தம்பையா வாசற்படலைக்கும் கதிரைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

மாசியில் தொடங்கிய தபாலட்டைச் சதுரங்கம் அது. நடராசாவின் அட்டைகளில் சுகம் விசாரிப்புக்கூட இருக்காது, நகர்வு மட்டும்தான். நேருக்கு நேர் பதினொரு முறை தோற்ற தம்பையா, இம்முறை புத்தகம் பார்த்துக் ‘கிங்ஸ் கம்பிற்’ என்ற சிப்பாய்ப் பலித் தொடக்கத்தை ஆடினார்.

“ரண்டாம் நகர்விலையே சிப்பாயைச் சும்மா குடுக்கிறதோ?” என்றாள் மனைவி அன்னபூரணம்.

“அவன் எடுத்திட்டான், நடுப்பலகை எனக்கு. மந்திரியைச் சி நாலிலை வைச்சாச்சு. எஃப் ஏழுக் கட்டத்துக்கு வழி திறக்கும். அங்கை ராசாவைத் தவிர வேறை காவல் இல்லை.”

“உங்கட ராசா?”

“அவரும் வெளியிலைதான் நிக்கிறார். அதுதான் கெதியா அடிக்கவேணும்.”

பொறுக்க முடியாமல் இன்னொரு அட்டை போட்டார்: ‘ஏன் மௌனம்? எஃப் ஏழைத் தாக்கப்போகிறேன்.’

போட்ட பிறகுதான் அட்டைகள் பாலத்தடி ஆமி முகாமின் சோதனையைத் தாண்டிப் போவது நினைவுக்கு வந்தது. உடனே மற்றொன்று எழுதினார்: ‘தாக்குதல் பற்றிய அட்டையைக் கிழித்துவிடும். ஒருவருக்கும் காட்டவேண்டாம்.’

மூன்றாம் நாள் முகாமுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

மேசையில் அவருடைய அட்டைகள் அத்தனையும் கிடந்தன. அதிகாரி சிங்களத்தில் கேட்க, தபாற்கந்தோர் ஊழியர் கதிர்காமு தமிழில் சொன்னார்.

“சி நாலிலை ஏன் வைச்சனீங்களெண்டு கேக்கிறார்.”

சி நாலு என்றொரு வெடிமருந்து இருப்பது தம்பையாவுக்குத் தெரியும். வேட்டி நனையும்போல் இருந்தது.

“ஐயோ, நான் ஒண்டும் வைக்கேல்லை! மந்திரியைத்தான்...”

“சிப்பாயை ஏன் பலி குடுத்தனீங்களாம்?”

வாசலில் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான்.

“அது... வழி திறக்க...” என்று தொடங்கி நாக்கைக் கடித்தார்.

“எஃப் ஏழை எப்பிடி அடிக்கப் போறீங்களாம்?”

“அடிக்கமாட்டன்! இனி ஒருநாளும் அடிக்கமாட்டனெண்டு சொல்லும், தம்பி!”

கதிர்காமு அதைச் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரியின் முகம் வாடிப்போனது. மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். தம்பையா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேசையில் ஏதோ கனமாக வந்து விழுந்தது.

“கண்ணைத் திறவுங்கோ அண்ணை, அது சதுரங்கப் பலகை,” என்றார் கதிர்காமு. “நடராசா தையிலையே கனடாவுக்குப் போயிட்டார்; இவ்வளவு நாளும் உங்களுக்குப் பதில் போட்டது இந்த ஐயாதான்.”