விரலில் மாட்டிய பேரிங்

கருவி வாங்குகிற ஆசை வேறு, கருவியை வைத்துக்கொள்கிற யோக்கியதை வேறு. முதலாவது எனக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது. இரண்டாவது என் நிச்சயதார்த்தத்தன்று, ஓரிக்கையில் மாமனார் வீட்டுக் கூடத்தில், போதகர் முன்னிலையில், இரு வீட்டாரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வந்து சேர்ந்தது.

காஞ்சிபுரத்தில் தறிகளுக்கு மேலே உட்கார்ந்து புடவையில் டிசைன் விழவைக்கிற ஜக்கார்டு பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். தொழிலுக்குத் தேவையென்று வீட்டில் சொல்லிவிட்டு, தேவையில்லாத எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி. அப்படி வாங்கியதுதான் அந்த ரோட்டரி டூல். பேனாவைப் பிடிப்பதுபோல ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெட்டலாம், துளைக்கலாம், தேய்க்கலாம், மெருகேற்றலாம். ஆன்லைனில் தேர்ந்தெடுக்கும்போது மோட்டாரின் சக்தி என்ன, பிடிக்கு வாட்டமாக இருக்குமா, நாளைக்கு உதிரி கிடைக்குமா என்றெல்லாம் பார்ப்பவன் விவரமானவன். நான் கூட வருகிற சாமான்கள் எத்தனை என்று மட்டும் பார்த்தேன். பல் மருத்துவரே பார்த்தால் பொறாமைப்படுகிற மாதிரி ஒரு டப்பா நிறைய வந்தது. ஒயர் இல்லாத பேட்டரி மாடல் வேறு. தலைகால் புரியவில்லை எனக்கு.

ஒரே வாரத்தில் டப்பாவின் மூடி உடைந்தது. சாமான்கள் எல்லாம் பிஸ்கட் தகரத்துக்குக் குடிபோயின. அங்கிருந்து ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில். (அங்கேதான் என் ரெயின்கோட்டும் இருக்கும். நனைந்த கோட்டைக் காயவைத்து மடிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்குமே கிடையாது.)

இந்தச் சமயத்தில்தான் எஸ்தர் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். அப்பா அம்மா போனபிறகு எனக்கு எல்லாமே அக்காதான். பெண்ணின் பெயர் ஷீலா. ஒரு பாத்திரக் கடையில், வாங்குகிறவர்களின் பெயரைச் சொம்பிலும் குடத்திலும் மெஷினால் வெட்டித் தருகிற வேலை. கையில் மெஷின் பிடிக்கிற பெண் என்று கேட்டதுமே, போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஷீலாவின் அப்பா, லாரி ஓட்டி ஓய்ந்தவர், அவ்வளவு சீக்கிரம் மசியவில்லை. ஊருக்குள் விசாரித்திருக்கிறார். பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது, ஆனால் எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள மாட்டான் என்று எவனோ உண்மையைச் சொல்லியிருக்கிறான். நிச்சயத்தன்று நேரில் பார்த்துவிட்டு மனசுக்குப் பட்டால்தான் மோதிரம் என்று அவர் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா பண்ணாத ஜெபமில்லை.

மோதிரத்துக்கு அளவு கேட்டார்கள். எங்கள் பக்கம் விரலைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்து அனுப்புவது வழக்கம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டு நூல் இழுத்தால் நீளும், பருத்தி நூல் வேர்வையில் சுருங்கும், இதெல்லாம் ஓர் அளவா என்று அக்காவுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, பட்டறையில் துல்லியமாக அளக்கிற வெர்னியரை எடுத்து விரலின் அடிப்பாகத்தை அளந்து இருபது மில்லிமீட்டர் என்று போனில் சொன்னேன். விரலின் நடுவில் மொளி என்று புடைத்த மூட்டு ஒன்று இருக்கிறது, மோதிரம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், வரவேண்டும் என்பதை விஞ்ஞானம் எனக்குச் சொல்லவில்லை.

நிச்சயத்தன்று காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்ட பிறகு சந்தேகம் வந்தது. அளவு தப்பாக இருந்தால் மானம் போய்விடுமே? சோதித்துப் பார்க்க வீட்டில் இருபது மில்லிமீட்டர் வளையம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கழற்றிப் போட்டிருந்த பேரிங் ஒன்றின் உள்வளையம் கிடைத்தது. மினுமினுவென்று, கனமாக, வைரம் மாதிரிக் கடினமான எஃகு. சாதாரண மனிதன் யாராவது இதை விரலில் போடுவானா? நான் கிரீஸ் தடவிப் போட்டேன். மொளியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. அளவு கச்சிதம் என்று நான் மகிழ்ந்த அரை நிமிஷம்தான் அன்றைய காலையின் கடைசி நல்ல நேரம்.

கழற்றப் போனால் வரவில்லை. சோப்பு போட்டோம், எண்ணெய் ஊற்றினோம். அக்கா விரலில் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் வளையத்தை வழுக்க வைக்கிற பழைய வித்தையையும் செய்து பார்த்தாள். அகலமான வளையம், அசையவில்லை. இழுக்க இழுக்க விரல் வீங்கியது. வெளியே வேன் ஆரன் அடித்தது. விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன், பேசிச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையில். வழி முழுக்க அக்கா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே வந்தாள்.

பாட்டு முடிந்து, வசனம் வாசித்து, ஜெபம் முடிந்தது. ஷீலா மோதிரத்தோடு என் எதிரே நின்றாள். போதகர் கைக்குட்டையை எடுக்கச் சொன்னார். சின்னக் காயம் என்றேன். பரவாயில்லை, பக்கத்து விரலில் போடலாம் என்று அவரே அன்பாக அவிழ்த்துவிட்டார்.

கத்தரிக்காய் நிறத்தில் ஒரு விரல். அதன் அடியில் பளபளவென்று ஒரு வளையம்.

மாமனார் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். "இன்னாபா இது? ஏற்கெனவே யாரு போட்டது?"

"யாரும் போடல மாமா. நானேதான் போட்டுக்கினேன்."

இதைவிடக் கேவலமான பதில் தமிழில் இல்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அழுவது எனக்குத் தெரிந்தது. விரல் போனாலும் போகட்டும், இந்தப் பெண் போய்விடக் கூடாது என்று அந்த நொடியில் மனசு பதறியது நிஜம்.

மாமனார் முதலில் ஆக்ஸா பிளேடைக் கொண்டுவந்து தேய்த்தார். வளையத்தில் கீறல்கூட விழவில்லை, பிளேடின் பல்தான் மழுங்கியது. ஆஸ்பத்திரி என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. ஸ்கூட்டரில் என் ரோட்டரி டூல் இருக்கிறது, ஒரு நொடி வேலை என்று அறிவித்தேன். வேனுக்குப் பின்னால் அந்த ஸ்கூட்டரில்தான் அக்கா வீட்டுக்காரர் வந்திருந்தார். சீட்டைத் திறந்து தகரத்தை எடுத்து வந்தார். எல்லோரும் நெருங்கி வந்து பார்த்தார்கள்.

தகரத்தைத் திறந்ததும் துருத் தண்ணீர் பாயில் வடிந்தது. கட்டிங் வீல்கள் ஈரத்தில் ஊறி, கையில் எடுத்ததுமே டீயில் நனைத்த ரஸ்க்காக உதிர்ந்தன. உதிராத ஒன்றை மாட்டலாமென்றால், வீலைப் பிடிக்கிற மூக்குத் திருகைக் காணோம். சுவிட்சைத் தட்டினேன். மாதக் கணக்கில் சார்ஜ் ஏற்றாத மெஷின் 'ம்' என்று ஒரு முனகல் முனகிவிட்டு உயிரை விட்டது. மாமனார் திரும்பி அக்காவைப் பார்த்த பார்வையில், ஊரில் விசாரித்தது வீண்போகவில்லை என்ற திருப்தி இருந்தது.

ஷீலா மோதிரப் பெட்டியைப் போதகர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போனாள் என்றால் போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தாள், கையில் அவளுடைய மெஷின். பழைய ஒயர் மாடல். பிடித்துப் பிடித்துக் கம்பெனிப் பெயரே அழிந்திருந்தது. வீல்கள் ஒரு கண்ணாடி பாட்டிலில், அடியில் ஈரத்தை இழுக்க ஓர் அரிசி முடிச்சோடு, காய்ந்து கலகலவென்று இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரிசல் பார்த்து, மாட்டி, ஓடவிட்டுக் காதால் கேட்டாள். பிறகு என் தகரத்தை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் வாழ்க்கையின் முதல் பேச்சு அதுதான்.

"மெஷின இப்படித்தான் வச்சிக்கினு இருப்பீங்களா? என்னையும் இப்படித்தான் வச்சிப்பீங்களா?"

மாமனார், அக்கா, போதகர், பந்திக்கு இலை போட வந்தவர்கள்வரை என் வாயையே பார்த்தார்கள். சொல்ல ஆயிரம் நல்ல வார்த்தைகள் இருந்தன. என் வாயில் வந்தது இது:

"இல்லீங்க. உங்கள காஞ்ச எடத்துல வச்சிக்கிறேன்."

ஷீலாவின் உதடு ஓரம் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னாள். வீல் வளையத்தை அறுத்துக்கொண்டு வந்தால் அடுத்தது விரல்தானே, நடுவில் வைக்க ஏதாவது வேண்டுமென்றாள். அங்கேதான் ஐயா நான் நிமிர்ந்தேன். தறியின் அச்சில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்குமே மெல்லிய எஃகுப் பட்டைகள், அதில் இரண்டு மூன்று என் பர்ஸில் எப்போதும் இருக்கும். (எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.) இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே மெதுவாக நுழைத்தேன். கூரத்திலிருந்து வந்திருந்த நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் "பலே" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

போதகர் செல்போன் டார்ச்சைப் பிடித்தார். வளையம் சூடேறாமல் இருக்க மாமனார் ஸ்பூனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். மெஷின் பாடியது. மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. ஷீலா கொஞ்சம் வெட்டுவாள், நிறுத்துவாள், தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டுவாள். அவள் கை ஒரு மயிரிழைகூட நடுங்கவில்லை. ஒரு பக்கம் அறுந்தது, விரலைத் திருப்பி மறுபக்கமும் வெட்டினாள். 'டிங்' என்று வளையம் இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. கூடமே கை தட்டியது. யாரோ அல்லேலூயா என்றார்கள். அக்கா இப்போது எல்லோருக்கும் தெரியும்படியே அழுதாள்.

தோலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வீங்கிய விரலில் மோதிரம் எப்படிப் போகும்? ஷீலா பெட்டியைத் திறந்து எடுத்தாள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மொளியைத் தாண்டிப் போனது. மில்லிமீட்டரில் அளவு சொன்ன மாப்பிள்ளை மொளியை அளந்திருக்க மாட்டார் என்று அவள் அப்போதே கணித்து, தட்டாரிடம் பெரிதாகவே செய்யச் சொல்லியிருக்கிறாள். மாமனாரைப் பார்த்தேன். அவர் என் தோளில் கை வைத்து, சாப்பிடப் போகலாம் மாப்பிள்ளை என்றார். அந்த 'மாப்பிள்ளை'க்காக இன்னொரு பேரிங்கைக்கூட மாட்டிக்கொண்டிருப்பேன்.

போட்டோக்காரர் மோதிரம் போட்டதைக் கோட்டைவிட்டுவிட்டார். பொறி பறப்பதை மட்டும் அழகாக எடுத்திருந்தார். அதைத்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். எங்கள் சபையில் எந்த நிச்சயதார்த்தம் நடந்தாலும் போதகர் மாப்பிள்ளையின் பத்து விரலையும் பார்த்த பிறகுதான் ஜெபத்தை ஆரம்பிக்கிறார். இப்போது எனக்கும் ஷீலாவுக்கும் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. தேய்ந்த வீலை எப்போது மாற்றுவது, புது மெஷின் எதை வாங்குவது என்பதெல்லாம் அவள் இலாகா. துடைத்து, காயவைத்து, அலமாரியில் அடுக்குவது என்னுடையது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

போன மழைக்கு முன்னால் நாங்கள் கட்டிய புது வீட்டின் பிரதிஷ்டைக்கு மாமனார் வந்தார். டைல்ஸைப் பார்க்கவில்லை, மாடுலர் கிச்சனைப் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய் நாலு சுவரிலும் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"சொன்ன சொல்ல காப்பாத்திட்டாருபா. நல்லா காஞ்ச எடம்."