ஐஸ் தண்ணீரில் போடாத சோளம்

யாராவது என்னிடம் "அப்படிச் செய்யாதே" என்று சொல்லிவிட்டால், அப்படியே செய்து பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. (இதைக் குறை என்பார்கள் என் கணவர் வீட்டார். நான் குணம் என்கிறேன்.) இந்தக் குணத்தால் ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது உண்மைதான். அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை.

மலேசியாவில், ஸ்ரீ கெம்பாங்கானில் எங்களுடையது மூலை வீடு. வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது.

"அங்க புல்லைத் தவிர ஒண்ணும் முளைக்காதுலா" என்றார் என் கணவர் சேகர்.

போதாதா எனக்கு? மறுநாளே ஸ்வீட்கார்ன் விதை வாங்கி ஊன்றினேன். ஆள் உயரம் வளர்ந்து நின்றது. ஆனால் சோளத்திடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் முற்றித் தொலைக்கும். நூற்றுச்சொச்சம் கதிர்களை ஒடித்துக் குவித்தோம். மூன்று நாள் மூன்று வேளையும் சோளம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிள்ளானில் சேகரின் அக்கா தேவியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மதியச் சாப்பாடு தேவி அக்கா வீட்டிலேயே. "சோளப் பொரியலும் சூப்பும் என் பொறுப்பு. மிச்சத்தை உங்க ஃப்ரீசர்லயே வச்சுக்குங்க" என்று அறிவித்துவிட்டேன். உறவினர்களை அழைத்து வர ஈப்போவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அக்கா, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே பாடமும் நடத்தினார்.

"மாலா, நல்லா கேளு. கொதிக்கிற தண்ணியில நாலு நிமிஷம். எடுத்த உடனே ஐஸ் தண்ணியில போடணும். நல்லா ஆறின அப்புறம் உதிர்த்து, சின்னச் சின்னப் பையில தட்டையா வை. எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிச்சிடாத. ஃப்ரீசர் தாங்காது."

யோசித்துப் பாருங்கள். குளிர வைப்பதுதானே ஃப்ரீசரின் வேலை? அதன் வேலையை நான் எதற்குச் செய்ய வேண்டும்? (இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு அடுப்படியில் அண்டா அண்டாவாக அவித்தேன். ஐஸ் தண்ணீர் கிடையாது. விரல் வெந்தாலும் பரவாயில்லை என்று சூட்டோடு உதிர்த்து, தலையணை அளவு பைகளில் அடைத்தேன். விருந்துக்காக அக்கா வாங்கி வைத்திருந்த இறாலையும் ஐஸ்கிரீமையும் மரியாதையாக எடுத்து மேலே வைத்துவிட்டு, ஆவி பறக்கப் பறக்கச் சோளத்தை அந்தப் பெட்டி ஃப்ரீசரின் அடியில் திணித்தேன். மூடி சரியாக மூடவில்லை. பத்துக் கிலோ அரிசி மூட்டையை அதன் மேல் தூக்கி வைத்தேன். மூடிய மாதிரிதான் தெரிந்தது.

ஈப்போவிலிருந்து திரும்பியிருந்த அக்கா, ஞாயிறு காலை அந்த மூடியைத் திறந்தார். நான் அப்போது கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது.

இறால் கெட்டிருந்தது. ஐஸ்கிரீம் பாயசமாகியிருந்தது. பைகள் வெடித்து, அடியில் இருந்த சோளம் உருகிய தண்ணீரோடு சேர்ந்து ஒரே பாளமாக உறைந்திருந்தது. கல்லறைக் கல் மாதிரி.

"மாப்பிள்ளையோட அம்மா ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. சிரிச்சே நான் பார்த்ததில்ல. இப்ப அவங்க இலையில எதை வைப்பேன்?" என்று தேவி அக்கா தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

அதைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் வாய் விடுமா? "அழாதீங்கக்கா. சோளம் நல்லாத்தான் இருக்கு. உடைச்சா போதும்" என்றேன். இறாலுக்குப் பதிலாகக் கோழி வாங்கி வரச் சேகரைக் கடைக்கு விரட்டினேன். பாளத்தை நானே வாசலுக்கு இழுத்துப் போய், சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

அது உடையவில்லை. கிளம்பியது. சரிவான ஈர டைல்ஸில் வழுக்கிக்கொண்டு நேராக வெளிக்கதவுக்குப் போய், அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட ஒரு பட்டுப்புடவையின் காலடியில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு, சுத்தியலோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"சோளம், ஆன்டி. எங்க தோட்டத்துல விளைஞ்சது."

"இவ்வளவு பெருசாவா?"

பின்னால் தேவி அக்கா கண்ணீரும் கம்பலையுமாக நின்றார். அந்த அம்மாளின் மூக்கு ஒருமுறை சுருங்கியது.

"ஆற வைக்காம சூடா உள்ள வச்சிட்டீங்களா?"

"ஆமா ஆன்டி. ஆற வைக்கத்தானே ஃப்ரீசர் இருக்கு?" என்றேன். சுத்தியலை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணமான புதுசுல நானும் இதையேதான் கேட்டேன். ரெண்டு நாள் எங்க வீட்டுல யாருமே என்கூடப் பேசல!"

தட்டு மாற்றினார்கள். சாம்பாரும் கடைக் கோழியுமாக விருந்து முடிந்தது. பாளம் வாசலிலேயே உருகி, கிள்ளான் காக்கைகளுக்கு நிச்சயதார்த்த விருந்தானது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்வரிசையில், பழத்தட்டுக்கும் பலகாரத் தட்டுக்கும் நடுவே, கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய ஒரு தட்டு நிறைய டின் சோளம் இருந்தது. மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தட்டை வேறு யாரும் தொட நான் விடவில்லை. நானே வாங்கி, தலை நிமிர்ந்து மேடை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

இப்போதும் வருஷத்துக்கு இரண்டு முறை சோளம் போடுகிறேன். அந்தத் தம்பதிக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் பெயர் மாலா என்பது அவளுக்குத் தெரியாது. வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும் "ஜாகுங் பாட்டி!" என்று கத்துகிறாள். மலாயில் சோளத்துக்கு அதுதானே பெயர். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நாற்பத்தாறு வயதில் பாட்டியா? அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.