புகைப்படத்துக்கு இணங்கிய முகம்

ஓர் ஊழியரின் முகம் அவருடைய சொந்த விஷயம் என்றே 2004 ஜூன் வரை எங்கள் கம்பெனி கருதி வந்தது.

துபாயில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் கம்பெனி. நான் கல்யாணசுந்தரம், அதன் நிர்வாக அதிகாரி. அதாவது, சைட்டுக்குள் இருந்த ஏசி கேபினில் உட்கார்ந்து, வெளியே வெயிலில் நிற்பவர்களுக்குச் சுற்றறிக்கை எழுதுபவன்.

அந்த ஜூனில், கேட்டில் காவலுக்கு நின்ற கலீல் ரஹ்மான் கம்பி கட்டும் சோலையப்பனைத் தடுத்து நிறுத்திவிட்டார். அடையாள அட்டையில் இருந்தவருக்கு மாநிறம், சுருட்டை முடி. எதிரே நின்றவருக்கு முன்வழுக்கை, தார் நிறம். இரண்டு வருட வெயிலும் தொழிலாளர் கேம்ப் தண்ணீரும் பார்த்த வேலை அது.

மூன்று ஆப்சென்ட் விழுந்தால் லீவு ரத்து. ஆவணியில் சோலையப்பனுக்குக் கல்யாணம். பதறிப்போய் கேட்டுக்கு என்னை வரவழைத்தார்.

"சார், படத்துல இருக்கறது நான்தான் சார். அப்ப முடி இருந்துச்சு."

"இருந்த முடியைப் பத்திரமா வச்சிருக்க வேண்டாமா?" என்றேன்.

இடது காதோரத்து முடியை வளர்த்து, வலது காதுவரை பாலம் போட்டிருந்தேன் நான். மரியாதைக்காக அவர் அதைப் பார்க்கவில்லை.

அவருக்குத் தற்காலிகப் பாஸ் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, புதுப்படம் எடுக்கலாமா என்று கேபினில் என் எதிர் மேஜையில் இருந்த மனிதவள மேலாளர் ஜெயபாரதி மேடத்திடம் கேட்டேன்.

"இன்னைக்குப் படத்தை மாத்துவாங்க, நாளைக்குப் பேரை மாத்துவாங்க. ஆளுங்க முகத்தைப் பராமரிக்கட்டும் மிஸ்டர் கல்யாண்."

அஜ்மானில் இருந்த வீட்டுக்குப் போனதும் என் மனைவி பத்மா வாங்கும் பெண்கள் பத்திரிகையைப் புரட்டினேன். மறுநாள் 'ஊழியர் முகம் மற்றும் கேசம்: கோடைக்காலப் பராமரிப்பு' என்ற சுற்றறிக்கை, முத்திரையும் என் கையெழுத்துமாக, கேம்ப் சுவரில் ஏறியது. முகத்துக்குத் தயிரும் கடலைமாவும். கண்ணுக்கு வெள்ளரித் துண்டு. தலைக்குத் தேங்காய்ப்பால். எட்டு மணி நேரத் தூக்கம். முக்கியமாக, காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெயிலில் தலைகாட்டக் கூடாது.

பத்திரிகையில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தேன். யாருக்காக எழுதுகிறோம் என்று யோசிக்கும் வழக்கம் எங்கள் பிரிவில் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு சைட்டில் சத்தம் நின்றது. நூற்றுப் பத்துப் பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலருடைய கண்களின் மேல் வெள்ளரி.

"என்ன சோலையப்பன் இது?"

"பராமரிப்பு சார்."

"எழுந்து வேலையைப் பாருங்க!"

"வெயில்ல போகக் கூடாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க? முகம் மாறிட்டா கேட்ல விடமாட்டாங்களே."

கேபினுக்குள் போய் ஏசியைக் கூட்டிவைத்தேன்.

பதினொரு மணிக்குச் சுற்றறிக்கை ரத்தானது. எல்லாருக்கும் புதுப்படம் என்று மேடம் உத்தரவிட்டார். வேலை கெடக் கூடாதாம். அதனால் சைட்டிலேயே, மதிய இடைவேளையில், வெட்டவெளியில். அதிகாரிகளும் வரிசையில் நிற்க வேண்டுமாம். ஒன்றரை மணி நேரம் நின்றேன். என் பாலம் காற்றில் பறந்தது. சிமெண்ட் தூசி வந்து முகத்தில் அப்பியது. அட்டைகள் வந்ததும் கலீல் மகிழ்ந்துபோனார். எல்லா முகங்களும் எல்லாப் படங்களோடும் பொருந்தின.

ஆகஸ்டில் லீவுக்குக் கிளம்பும் நாளன்று சோலையப்பன் அட்டையை ஒப்படைத்தார். அதில் என் பெயர் இருந்தது. என் கழுத்தைப் பார்த்தேன். அதில் தொங்கியது சோலையப்பன். அட்டைகளைப் பிரித்துக் கொடுத்ததே நான்தான்.

மேடம் இரண்டு படங்களையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யார் லீவுக்குப் போறது?"

"மேடம், நான் கல்யாணசுந்தரம்! மூணு வருஷமா உங்க எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்!"

"அதை நீங்க சொன்னா போதாது. ஆதாரம் வேணும்."

சோலையப்பன் சட்டென்று ஒரு தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதிக் கொடுத்தார். ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. மேடம் முத்திரை குத்தினார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தத் தாள் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. நான் இன்னார் என்பதற்கு எங்கள் அலுவலகம் ஒப்புக்கொண்ட ஒரே ஆதாரம் அதுதான்: 'இவர் கல்யாணசுந்தரம் சார்தான். எனக்கு நல்லாத் தெரியும். இப்படிக்கு, சோலையப்பன், கம்பி கட்டுபவர்.'