ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு போட்டோ

"பின்பக்கம் ஈரம் இருக்கா?"

அன்று காலையில் கைப்பேசிக்கு வந்த பதினேழாவது செய்தி இது. மணி ஏழே முக்கால்தான். ஏலக்காரர் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை. பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு, திறந்த வாயை மூட மறந்து, செய்தியை வாய்விட்டுப் படித்தார்.

"யாருக்குங்க ஈரம்?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"பீரோவுக்கு."

"பீரோ என்ன மழையிலயா நனைஞ்சுது?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

ஏலக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்தது. பழைய சாமான்களை வாங்கி, துடைத்து, போட்டோ எடுத்து, இணையத்தில் ஏலம் விடுவது அவர் தொழில். யார் அதிக விலை கேட்கிறார்களோ அவர்களுக்குப் பொருள். பொருள் பிடித்திருந்தால் அவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். அதில் ஒன்றும் குறையில்லை. மனிதர் விற்பதைவிட வாங்குவதில் கெட்டிக்காரராக இருந்துவிட்டார், அதுதான் வினை. ஹாலில் இரண்டு சலூன் நாற்காலி, கட்டிலுக்கு அடியில் பதினோரு டேபிள் ஃபேன், குளிக்கப் போகிற வழியில் ஒரு தட்டச்சு இயந்திரம் என்று வீடு கிடங்காகவே ஆகிவிட்டது.

போன மாதம் ஹவுஸ் ஓனர் வந்தார். வாசலிலேயே பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி உள்ளே நுழைந்தவர், ஒரு ஃபேனின் கம்பிவலையில் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டு முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நின்றார். அப்படி நின்றபடியேதான் தீர்ப்புச் சொன்னார்.

"ஒண்ணாம் தேதி காலைல பத்து மணிக்கு வருவேன். வாசல்ல இருந்து பின்வாசல் வரைக்கும் கையை வீசி நடப்பேன். கை எதுலயாவது இடிச்சுது, ரெண்டாம் தேதி வேற ஆள் குடிவந்துடுவாங்க. வாய்ப்பேச்சுன்னு நினைக்காதீங்க."

பதினாலு வருஷம் இருந்த வீடு. மனைவி அன்றைக்கு அழுதேவிட்டாள். "இந்த ஜன்னலையும் காத்தையும் விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். நீங்களாச்சு, உங்க சாமானாச்சு, ஏதாவது பண்ணித் தொலைங்க" என்றாள்.

ஏலக்காரர் தலைகீழாக நின்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். மிஞ்சியது ஒரே ஒரு பீரோ. ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ, ஹால் சுவரை ஒட்டி, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன் ஏலமும் முடிந்தது. ஜெயித்தது ஒரு அம்மாள். பணம்கூட உடனே கட்டிவிட்டார். இன்றைக்குப் புதன். சனிக்கிழமை ஒண்ணாம் தேதி. அதற்குள் அந்த அம்மாள் வண்டி அனுப்பி பீரோவை எடுத்துவிட்டால் வீடு பிழைத்தது.

ஆனால் வண்டி வரவில்லை. கேள்விதான் வந்தது. மனைவி அந்த அம்மாளுக்கு அவசர மேடம் என்று பேர் வைத்துவிட்டாள்.

"பதில் காணோமே? ஈரம் இருக்கா இல்லையா? எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல!"

ஏலக்காரர் பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு பீரோவை ஒரு சாண் நகர்த்தினார். பின்னால் கையை விட்டு, பீரோவின் முதுகையும் அதற்குப் பின்னால் இருந்த சுவரையும் போட்டோ எடுத்து அனுப்பினார். கூடவே பெருமையாக இரண்டு வரி எழுதினார்: "ஈரமா? இந்த வீட்டுச் சுவர்ல பதினாலு வருஷமா ஒரு சொட்டு கசிஞ்சதில்ல மேடம். பீரோ கல்லு மாதிரி இருக்கு."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க!"

"அப்ப வண்டி எப்ப அனுப்பறீங்க மேடம்?"

"அனுப்பறேன், அனுப்பறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சின்ன சந்தேகம். கண்ணாடியில ரசம் போயிருக்கா? ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு போட்டோ ப்ளீஸ். ஜன்னலைத் திறந்து வெச்சு எடுங்க."

பீரோவைத் திருப்புவது ஒரு ஆளால் ஆகிற காரியமா? மனைவியின் தம்பிக்குப் போன் போனது. அவன் பஸ் கண்டக்டர். மறுநாள் காலை நைட் டூட்டி முடிந்து, தோளில் பையோடு நேராக வந்து நின்றான்.

"நீங்க பிடிங்க மாமா, நான் வழி சொல்றேன்."

"வழி சொல்ல எதுக்குடா ஆளு? தூக்கத்தான் ஆள் வேணும்!"

"வழி தெரியாமத் தூக்கினா விபத்து மாமா. வா, வா, வா… லெஃப்ட்ல ஒடிங்க… அக்கா, குறுக்க வராத… ஹோல்டேன்!"

பீரோ ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது. திரும்பும்போது தரையில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டது. அதைக் காலால் மறைத்துக்கொண்டு ஏலக்காரர் போட்டோ அனுப்பினார். கண்ணாடிக்குள் ஜன்னல், ஹால், மனைவி, கண்டக்டரின் பாதி முகம் எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

"வெளிச்சம் பிரமாதம்!" என்று உடனே பதில். "இது காலைல எடுத்ததா? மூணு மணிக்கு ஒண்ணு எடுத்து அனுப்புங்க. வெயில் நேரா அடிக்குமான்னு பாக்கணும்."

"வெயில் அடிச்சா இவங்களுக்கு என்னவாம்?" என்றாள் மனைவி.

"பீரோ சூடாகும். உள்ள இருக்கற துணி வெளுத்துடும்னு பயப்படறாங்க."

"அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்புறம் அவங்க வீட்டு வெயில்தானே அடிக்கும்? நம்ம வீட்டு வெயில் கூடவா போகும்?"

ஏலக்காரர் காதைச் சொறிந்துகொண்டார். மூணு மணிக்குப் போட்டோவும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த குண்டு விழுந்தது. "தண்ணி பட்டா துருப் பிடிக்குமா? சமையலறைக் குழாய் பக்கத்துல வெச்சு, குழாயை முழுசாத் திறந்து ஒரு வீடியோ."

"இது ரொம்ப அதிகம் மேடம்" என்று தைரியமாக எழுதினார் ஏலக்காரர்.

"அப்படின்னா வேண்டாம். கேன்சல் பண்ணிடறேன். ஒரு நட்சத்திரம் போட்டுடறேன்."

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நட்சத்திரம் கிடக்குது. கேன்சல் ஆனா நாளைக்குள்ள இதை யாரு தலையில கட்டுவீங்க? வீடு போயிடும்ங்க. சொல்றதைச் செஞ்சு தொலைங்க!"

"என்னடா மாப்ளே இது, பீரோவுக்கு எதுக்குடா தண்ணி?"

கண்டக்டர் தலையை ஆட்டினான். "நியாயம்தான் மாமா. டிப்போவுக்குப் புது பஸ் வந்தா நாங்களும் குழாயை வெச்சுப் பீய்ச்சி அடிப்போம், ஒழுகுதான்னு பாக்க. மேடம் விஷயம் தெரிஞ்சவங்க."

பீரோ சமையலறைக்குப் போனது. போகும்போது கதவு நிலையில் உரசி ஒரு சிராய்ப்பு வாங்கிக்கொண்டது. ஏலக்காரர் குழாயை முழுசாகத் திறந்தார். திறந்த திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீரோ மேல் அடித்து, மனைவி மேல் அடித்து, வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கண்டக்டரின் மூக்கில் அடித்தது. ஓடிப் போய் வெளியே வால்வை மூடிவிட்டு வருவதற்குள் முழங்கால் நனைகிற அளவுக்கு இல்லாவிட்டாலும் பாதம் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர். மூன்று பேரும் முறம், வாளி, பழைய துணி எல்லாம் எடுத்து இறைத்தார்கள்.

கைப்பேசி கிணுகிணுத்தது. "அடேயப்பா! தண்ணி என்ன வேகமா வருது! சூப்பர்!" கூடவே கைதட்டுகிற பொம்மை நாலு.

"ஏன்டா மாப்ளே, வாங்கின பீரோ தண்ணில மிதக்குது. இந்தம்மா கை தட்டறாங்களே?"

"டெஸ்ட்ல பாஸாயிடுச்சு மாமா."

சனிக்கிழமை விடிந்தது. பத்து மணிக்கு ஹவுஸ் ஓனர் வரப்போகிறார். எட்டரைக்கு ஏலக்காரர் கிட்டத்தட்டக் காலில் விழுகிற குரலில் எழுதினார்: "மேடம், இன்னிக்கு எடுத்துக்கலேன்னா எங்களுக்குப் பெரிய கஷ்டம் மேடம். எங்க வீடே இதை நம்பித்தான் இருக்கு."

"கவலைப்படாதீங்க, கடைசி ஒண்ணு. பின்வாசலுக்குப் போற வழி என்ன அகலம்? அதுல பீரோ நுழையுமா? எனக்கு அந்த மாதிரி வழிதான் அமையும்போல. பாத்ரூம் கதவையும் திறந்து வெச்சு எடுங்க, அகலம் சரியாத் தெரியட்டும்."

எடுத்துவிடலாம், அரைமணி வேலை. கண்டக்டர் முன்னால் போய்ப் பாத்ரூம் கதவைத் திறந்தான். "வா, வா, வா…" என்றான். பீரோ வழிக்குள் நுழைந்தது. பாதி வழியில் திறந்த கதவுக்கும் சுவருக்கும் இடையில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

"ஹோல்டேன்!" என்றான் கண்டக்டர், பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஹோல்டாகித்தான் நிக்குதுடா பாவி! தள்ளு!"

"எங்க தள்ளறது மாமா? நான் பாத்ரூம்குள்ள இருக்கேன்!"

தள்ளினார்கள், இழுத்தார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். சோப்பில் ஏலக்காரர்தான் வழுக்கி விழுந்தார். இத்தனைக்கும் நடுவில் போட்டோ மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. "பாத்ரூம் ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டும் வந்துவிட்டது.

சரியாகப் பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். ஹவுஸ் ஓனர் உள்ளே வந்தார், இரண்டு கையையும் விரித்தார், வீசி நடந்தார். ஹாலைத் தாண்டினார். ஒன்றும் இடிக்கவில்லை. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருட்டாக இருந்த வழியில் திரும்பியவர், எதிரே ஒரு தடித்த ஆள் கையை விரித்துக்கொண்டு வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யாருய்யா அது?"

"நீங்கதான் சார், கண்ணாடி சார்" என்றார் ஏலக்காரர்.

"உள்ள ஆள் இருக்கு!" என்றது பீரோ.

ஹவுஸ் ஓனரின் கை பீரோவில் இடித்துக்கொண்டு அப்படியே நின்றது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏலக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இது வித்துப்போன பீரோ சார். பணம்கூட வந்தாச்சு. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோங்க. நாளைக்குக் காலைல வண்டி வந்துடும், சத்தியமா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். ஏலக்காரரின் தோளைத் தட்டினார்.

"வண்டி வரும். தெரியும்" என்றார். போய்விட்டார்.

"அவருக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி.

"நம்ம மேல நம்பிக்கை வெச்சுப் பேசறார்மா. தங்கமான மனுஷன். நாமதான் தப்பா நினைச்சுட்டோம்."

"எனக்கு என்னவோ சரியாப் படலீங்க."

கதவைக் கீலோடு கழற்றிப் பீரோவையும் கண்டக்டரையும் வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அப்போது அவசர மேடத்திடமிருந்து கடைசிச் செய்தி வந்தது. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வண்டி வருது. பீரோவை பெட்ரூம்ல வலது மூலைல, ஜன்னலை ஒட்டி வெச்சுடுங்க."

ஏலக்காரர் அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தார்.

"வண்டில ஏத்தறதுன்னா வாசல்லதானே வைக்கச் சொல்லணும்?" என்றாள் மனைவி. "பெட்ரூம் மூலைல எதுக்கு?"

"ராத்திரி பூரா பத்திரமா இருக்கணும்னு இருக்கும்" என்றான் கண்டக்டர். இந்த முறை அவனுக்கே தன் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சொன்னபடி வைக்காவிட்டால் மேடம் மறுபடி கேன்சல் என்று கிளம்புவார். வைத்தார்கள். வலது மூலை, ஜன்னலை ஒட்டி. சொல்லக் கூடாது, அந்த இடத்தில் பீரோ அம்சமாகவே இருந்தது. வைத்ததைப் படம் எடுத்து அனுப்பிய அடுத்த நிமிஷமே ஐந்து நட்சத்திரம் வந்து விழுந்தது. "எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காம எல்லாத்தையும் காட்டினார். முழுத் திருப்தி" என்று நாலு பேர் படிக்கும்படி எழுதியும் போட்டிருந்தார்.

ஏலக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பொருள் கைக்குப் போகும் முன்னாலேயே ஐந்து நட்சத்திரம் வாங்கியது அவர் தொழிலில் இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஹாலைப் பெருக்கித் துடைத்தாள். துடைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வாசலில் இருந்து பின்வாசல் வரைக்கும் கையை வீசி நடந்து பார்த்தாள். எதிலும் இடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள், காற்று வந்தது. "அப்பாடா, நம்ம வீடு நமக்குத்தான்" என்றாள். இனிமேல் ஒரு ஆணிகூட இந்த வீட்டுக்குள் வாங்கி வர மாட்டேன் என்று ஏலக்காரர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்.

எட்டு மணிக்கு லாரி ஹாரன் அடித்தது. கண்டக்டர் சும்மா இருப்பானா? ஓடிப் போய் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "பின்னாடி வா, வா, வா… ஹோல்டேன்!" என்று வண்டியை வாசலோடு வாசலாக ஒட்டி நிறுத்திக் கொடுத்தான்.

ஏலக்காரர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். லாரியில் கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், குழந்தை சைக்கிள், மேலே ஒரு துளசிச் செடிகூட. ஒரு குண்டூசி வைக்க இடமில்லை.

"என்னப்பா இது, வண்டி நிறைய சாமானோட வந்திருக்கீங்க?" என்றார் டிரைவரிடம். "நம்ம பீரோவை எங்க ஏத்துவீங்க?"

டிரைவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"பீரோவை எதுக்கு சார் ஏத்தணும்? அது வெச்ச இடத்துலயே இருக்கட்டும், நீங்க எப்ப காலி பண்றீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டு சாமானை இறக்கச் சொன்னாங்க மேடம்."