கெல்வினுக்குப் புரிய வேண்டுமே

அபெர்வித்தன், வேல்ஸ்,
ஞாயிறு, வழக்கம்போல் மழை.

என்றும் என் மதிப்புக்குரிய நெஸ்ட்டா அக்காவுக்கு,

உன் தம்பி இத்வால் எழுதுகிறேன். முழங்கால் இரண்டும் மழைக்கு முன்னால் ஒரு தடவையும் மழைக்குப் பின்னால் ஒரு தடவையும் வலிக்கின்றன. இங்கே மழை விட்டால்தானே முன்னும் பின்னும், ஆகவே எப்போதும் வலிக்கிறது. மற்றபடி குறையில்லை. இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நீயாவது அங்கே கெட்டரிங்கில் காய்ந்த தரையில் நடக்கிறாய் என்று நம்புகிறேன். போன வாரம் ஃபோனில், "ஹெலெத்தோட நர்சரி என்னடா ஆச்சு, ஏன் மழுப்புறே" என்று கேட்டாய். மழுப்பவில்லை அக்கா. ஃபோனில் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பயந்தேன். எழுதினால் கோடு போட்டு அடித்துவிடலாம் பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் ஜெபத்துக்குப் போன பெத்தானியா சேப்பலை மூடியபோது அதன் பின்கட்டை நகராட்சி வாங்கிக்கொண்டது உனக்குத் தெரியும். அங்கேதான் என் மகள் ஹெலெத் சின்னக் குழந்தைகளுக்கு முழுக்க முழுக்க வெல்ஷ் மொழியிலேயே நர்சரி நடத்திக்கொண்டிருந்தாள். ஊரில் அப்படி மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கோடைக்குள் காலி செய்யச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. சுற்றுலாப் பேருந்து நிறுத்த இடம் வேண்டுமாம். காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், அந்தச் சந்துக்குள் பேருந்து நுழையாது. நுழைந்தாலும் திரும்பாது. அதையும் போய்ச் சொன்னேன், குறித்துக்கொண்டோம் என்றார்கள். அதே நகராட்சி, அதே மாதத்தில், 'பண்பாட்டு நகரம்' என்ற பட்டத்துக்குப் போட்டி போடக் கிளம்பியது. பட்டம் கிடைத்தால் ஒரு வருஷம் முழுக்க விளக்கும் விருந்தும் வெளியூர்க் கூட்டமும். ஆனால் விண்ணப்பத்தில் நம் பண்பாடு எது என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டதாம். யாரோ ஒரு புத்திசாலி, ஐஸ்டெத்வொத் விழாவைக் கூப்பிட்டுவிடலாம் என்றிருக்கிறார். வருஷத்துக்கு ஓர் ஊர் என்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற விழா, ஒரு வாரம் பாட்டும் கவிதையும் கோள்மூட்டலும் நம் மொழியிலேயே நடக்கிற விழா, அது இங்கே வருகிறது என்றால் லண்டனில் மதிப்பெண் போடுகிறவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்கு. சொந்த வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கெல்லாம் விருந்துக்குச் சொல்லியனுப்புவது என்றால் இதுதான்.

விழாக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அழைப்புக்கு நன்றி, முதலில் வந்து பார்க்கிறோம் என்று பதில் போட்டார்கள். உடனே நகராட்சித் தலைவர் கெல்வின் ப்ரோத்தரோ என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெத்தானியாவில் மூச்சு விடாமல் பிரசங்கம் செய்வாரே பெரிய ப்ரோத்தரோ, அவருடைய பேரன்தான். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வராது, பேரனுக்கு வெல்ஷ் வராது. கொள்ளைச் சிரிப்பு மட்டும் வரும்.

"இத்வாலண்ணே, உங்களால ஒரு காரியம் ஆகணும்" என்றார்.

"நோட்டீஸ் குடுத்த கையாலேயே கதவைத் தட்டுறீங்களே கெல்வின்" என்றேன்.

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன். விழாக்காரங்க ரெண்டு பேர் ஒரு சாயங்காலம் வர்றாங்க. ஊர்ல வெல்ஷ் பேசறவங்க இருக்காங்களா, விழா வந்தா கூட நின்னு வேலை செய்ய ஆள் உண்டான்னு பாக்கணுமாம். அவங்க காதுல வெல்ஷ் விழணும், அவ்வளவுதான். அவங்க சரின்னா விழா வரும். விழா வந்தா உங்க பொண்ணு நர்சரி அங்கேயே இருக்கும். வெல்ஷ் நர்சரியை மூடிட்டு வெல்ஷ் விழா நடத்தினா ஊர் சிரிக்காதா?"

"அவங்க வரலேன்னா?"

"வரலேன்னா பஸ் நிறுத்த இடம் வேணுமில்லையாண்ணே" என்றார், அதே சிரிப்போடு.

அக்கா, நான் வேலையில் இறங்கினேன். மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கறிக்கடை கெரைன்ட், கைன்வென் அம்மாள், பாட்டுக்குழு ஆண்கள், சேப்பல் பெண்கள் என்று நாற்பது பேரைத் திரட்டினேன். திரட்டுவது பெரிதில்லை, சேர்த்து உட்கார வைப்பதுதான் பெரிது. தேநீர் யார் ஊற்றுவது என்பதில் பெத்தானியாக்காரிகளுக்கும் சீயோன் சேப்பல்காரிகளுக்கும் நீ கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. கடைசியில் இரண்டு கெட்டில் வைத்தேன். பழரொட்டி யார் சுடுவது என்றபோது நான் காது கேட்காதவன்போல் இருந்துவிட்டேன், ஆறு பேர் சுட்டுக்கொண்டு வந்தார்கள். முந்தின வாரம் ஒத்திகை வைத்தேன். அடடா, என்ன சத்தம் என்கிறாய். ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. கெரைன்ட் தன் மாமியார் மாட்டுச் சந்தையில் தொலைந்துபோன கதையைச் சொல்ல, கைன்வென் அம்மாள் சிரித்துச் சிரித்துப் பல்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எல்லாம் வெல்ஷில், சுத்தமான, வாய் நாறுகிற வெல்ஷில். ஹெலெத் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நம்ம நர்சரி பொழைச்சுக்கும்ப்பா" என்றாள். எல்லோரையும் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னேன்: அன்றைக்கு வானமே இடிந்து விழுந்தாலும் வெல்ஷில்தான் 'ஐயோ' என்று கத்த வேண்டும்.

அந்த நாள் வந்தது. பின்கட்டுக் கூடத்தில் மேஜை போட்டு, நாற்பது பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். விழாக்காரர்கள் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கதவு திறந்தது. கெல்வின்.

"நீங்க வர வேணாம்னு சொன்னேனே" என்று ஓடினேன்.

"அழைச்சவன் நான், நான் இல்லாம எப்படிண்ணே? ஓரமா நிக்கிறேன். நான் இங்கே இல்லேன்னே நெனைச்சுக்கோங்க" என்றவர், கூடத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஒரே வெல்ஷ் வாக்கியத்தைச் சொன்னார். அது காலை வணக்கம். மணி மாலை நாலு. நாற்பது பேரும் ஒருமித்து அவருக்குக் காலை வணக்கம் சொன்னோம். முகம் கோணக்கூடாதல்லவா.

நம் ஜனங்களின் வியாதி உனக்குத் தெரியாததா அக்கா? நூறு பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கிற அறைக்குள், வெல்ஷ் தெரியாத ஒருத்தர் குடையை மறந்துவிட்டேன் என்று நுழைந்தால் போதும், நூறு பேரும் இங்கிலீஷுக்கு மாறிவிடுவோம். அவர் குடையை எடுத்துக்கொண்டு போன பிறகும், கதவுக்கு வெளியே காதில் விழுந்து மனசு புண்படுமோ என்று இன்னும் கொஞ்ச நேரம் அதிலேயே பேசுவோம். கெல்வின் ஒரு கோப்பைத் தேநீரோடு கெரைன்ட் பக்கத்தில் போய் நின்றார். மாமியார் கதை பாதியில் இருந்தது. கெரைன்ட் அவரை ஒரு பார்வை பார்த்தான். மாமியார் வெல்ஷில் தொலைந்து இங்கிலீஷில் கிடைத்தாள். அந்த மேஜை சிரித்தது. அடுத்த மேஜைக்காரர்கள் என்ன என்று கேட்டார்கள், கெல்வின் பக்கத்தில் இருக்கிறாரே என்று இங்கிலீஷில் கேட்டார்கள். அப்படியே ஒவ்வொரு மேஜையாக அணைந்தது. நான் கூன் போட்டுக்கொண்டு மேஜைக்கு மேஜை ஓடினேன்.

"வெல்ஷ்ல பேசுங்கய்யா, கால்ல விழறேன்."

"அவரு நிக்கிறாரேண்ணே" என்றான் கெரைன்ட்.

"நின்னா நிக்கட்டும். நர்சரி போயிடும்டா."

"அதுக்காக ஒரு மனுஷனை நட்டநடுக் கூடத்துல முட்டாளாக்க முடியுமா? தன்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு நெனைப்பாரு" என்றார் கைன்வென் அம்மாள்.

"நீங்க அவரைப் பத்தித்தானே பேசிட்டிருந்தீங்க."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அந்த அம்மாள்.

அந்த நேரம் பார்த்து விழாக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெரியவர், அவரோடு மானோன் என்று ஒரு பெண்மணி, பார்வையே ஊசி. உள்ளே வந்தவர்கள் காதில் விழுந்தது என்ன தெரியுமா? நாற்பது வெல்ஷ்காரர்கள் ஆறு பழரொட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து, வெளுத்து வாங்குகிற இங்கிலீஷ். மானோன் ஒவ்வொரு மேஜையாகப் போய் வெல்ஷில் விசாரித்தார். பின்னாலேயே கெல்வின், கையில் தட்டோடு, விருந்தினரைக் கவனிக்கிறாராம். ஆகவே அவர் வெல்ஷில் கேட்க, இவர்கள் கெல்வினையும் சேர்த்துக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். விழாக்காரப் பெரியவரிடமே கெல்வின் ஏதோ கேட்டார். அவரும் வெல்ஷ்காரர்தானே, இங்கிலீஷில் பதில் சொன்னார், அப்புறம் அதிலேயே தங்கிவிட்டார். நான் சுவரில் முட்டிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி.

நர்சரிக் குழந்தைகள் வந்தால் நிலைமை மாறும் என்று ஹெலெத்துக்குக் கண் காட்டினேன். பாடினார்கள் அக்கா, கூரை அதிரப் பாடினார்கள், கெல்வின் நகராட்சிப் படக்காரனை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு முன்வரிசையில் நின்ற ஒரு குட்டியிடம் குனிந்து, உன் பெயர் என்ன, என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டார். குட்டி அவரை நேராகப் பார்த்து வெல்ஷில் பதில் சொன்னது. மறுபடி கேட்டார். மறுபடி வெல்ஷில் சொன்னது, இன்னும் உரக்க, செவிடருக்குச் சொல்வதுபோல். மானோன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்போது கைன்வென் அம்மாள் அந்தக் குழந்தையின் தலையைத் தடவி, "கண்ணு, மாமாவுக்கு நம்ம பேச்சு புரியாதும்மா. இங்கிலீஷ்ல சொல்லு, நல்ல பொண்ணுல்ல?" என்றார். குழந்தை ஹெலெத்தைப் பார்த்தது. ஹெலெத் தரையைப் பார்த்தாள். குழந்தை இங்கிலீஷில் சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

போகும்போது மானோன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க ஊர்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்க இத்வால். இவ்வளவு நல்லவங்களை வச்சுக்கிட்டு நாங்க என்ன விழா நடத்தறது, சொல்லுங்க" என்றார். அவர் ஒருவர்தான் கடைசிவரை என்னோடு வெல்ஷில் பேசினார்.

கெல்வின் என்ன செய்தார் தெரியுமா? என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "தாத்தா காலத்துலேருந்து எத்தனை வெல்ஷ் கூட்டத்துக்குப் போயிருக்கேன், மரம் மாதிரி உக்காந்திருப்பேன். இன்னிக்குத்தான் அண்ணே முதல் தடவையா ஒரு வார்த்தை விடாம எனக்குப் புரிஞ்சுது. என்னையும் உங்கள்ல ஒருத்தனா சேர்த்துக்கிட்டீங்களே" என்றார். பொய்யில்லை அக்கா, மனசார சொன்னார். அவர் அயோக்கியனாக இருந்திருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

விழா வேறு ஊருக்குப் போய்விட்டது. நகராட்சிக் கூட்டத்தில் கெல்வின் எழுந்து, நாம் முழு வாய்ப்பும் கொடுத்தோம், வெல்ஷுக்கு இங்கே தேவை அவ்வளவாக இல்லை என்று விழாக்காரர்களே கண்டுவிட்டார்கள், ஆகவே பின்கட்டைப் பற்றிய முடிவில் மாற்றமில்லை என்று வருத்தத்தோடு அறிவித்தார். எதிர்த்து ஒருத்தரும் பேசவில்லை. கெரைன்ட் இருந்தான், பாட்டுக்குழு முழுக்க இருந்தது. கூட்டத்தில் தகராறு செய்வது அழகா என்றார்களாம். பண்பாட்டு நகர விண்ணப்பம் மட்டும் அமோகமாக லண்டனுக்குப் போயிருக்கிறது. முகப்பில் யார் படம் என்கிறாய்? பாடுகிற நர்சரிக் குழந்தைகள்.

வெள்ளிக்கிழமையோடு நர்சரி மூடியாயிற்று. இனி அந்தக் குழந்தைகள் ஊரில் இருக்கிற இங்கிலீஷ் நர்சரிக்குத்தான் போக வேண்டும். குட்டி நாற்காலிகளை நானும் ஹெலெத்தும் வண்டியில் ஏற்றினோம். அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உங்க தலைமுறைக்கு முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்துல தேநீர்க் கரண்டிதாம்பா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. அதனால் உன் முன்னால் சத்தியம் செய்கிறேன், எழுதி வைத்துக்கொள். இனி கெல்வின் என்ன, லண்டனிலிருந்து ராஜாவே வந்து என் மேஜையில் உட்கார்ந்தாலும் என் வாயிலிருந்து என் மொழிதான் வரும். புரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும், இல்லையென்றால் பழரொட்டியைத் தின்றுவிட்டுப் போகட்டும். மரியாதை மரியாதை என்று வாலைச் சுருட்டிக்கொண்ட காலம் இந்த இத்வாலைப் பொறுத்தவரை முடிந்தது. கெரைன்டிடம் ஒரு மாதம் கறி வாங்கப் போவதில்லை, கைன்வென் அம்மாளுக்கு வணக்கம் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் வீட்டுக்காரர் நார்மன் அத்தானை ரொம்ப விசாரித்ததாகச் சொல், அவருடைய ரோஜாச் செடிகளையும் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நல்லபடியாக இருக்கக் கடவுள் கண் திறக்கட்டும்.

ஆறாத வயிற்றெரிச்சலோடும் மாறாத அன்போடும்,
உன் தம்பி,
இத்வால்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நம் மொழியில்தான் தொடங்கினேன் அக்கா. பாதிப் பக்கம் ஆனபோதுதான், தபால் வருகிற நேரத்தில் நார்மன் அத்தான் உன் எதிரில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பாரே என்று தோன்றியது. நீ பாட்டுக்குப் படிப்பாய், சிரிப்பாய், அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், நன்றாகவா இருக்கும்? அதனால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே எழுதிவிட்டேன். ஹெலெத்திடம் மட்டும் சொல்லிவிடாதே.