நிலாவை ரிஜெக்ட் செய்த செக்கிங் அக்கா

பூமியில் நின்றுகொண்டு நிலாவை ரிஜெக்ட் செய்த ஒரே மனிதர் எங்கள் செக்கிங் அக்காதான். பளபளப்பான தாளில் அச்சாகி வந்த முழுநிலவின் மீது பதினேழு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை ஒட்டி, "எத்தன ஓட்டைங்க கண்ணு! இத எப்படி பாஸ் பண்றது?" என்று என்னிடம் நீட்டினார். அவை ஓட்டைகள் அல்ல, பள்ளங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினேன். "ஓ, பழைய ஸ்டாக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, அரைமனதோடு அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தார்.

திருப்பூரில் நிலாவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் நிறுவனத் தலைவர் குமரேசன் பனியன் ஏற்றுமதிக் குடும்பத்தில் பிறந்தவர். செயற்கைக்கோள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு டி-ஷர்ட் அடித்துக் கொடுத்தபோது, அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதை முதுகுப்பக்கம் ஒரே வரியில் அச்சிட்டிருந்தார். அதைப் படித்த பிறகுதான் தங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்பது அங்கிருந்த பாதிப்பேருக்குப் புரிந்ததாம். "கையேட்டையும் நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க" என்றார்கள். ராக்கெட் செய்பவர்களுக்கு அதைப் பற்றி நாலு பேருக்குப் புரியும்படி சொல்ல வராது என்ற பெரிய உண்மையைக் குமரேசன் அன்று கண்டுகொண்டார். பல்லடம் சாலையில் துணி வெட்டும் பழைய கட்டிங் ஹால் ஒன்று விண்வெளி நிறுவனங்களுக்கான விளம்பர அலுவலகமானது. அடுத்த ஓராண்டில் ஆறு நாடுகளிலிருந்து வேலை வந்தது.

நான் சமூகப் பணியில் முதுகலை முடித்தவுடன் அங்கே எழுத்துப் பணியில் சேர்ந்தேன். மழையையும் வறட்சியையும் முன்கூட்டியே சொல்லும் கருவியைப் பற்றி எழுதுவதும் ஒருவகைச் சமூகப் பணியே என்று மனதாரக் கருதினேன்.

எங்கள் முதல் வெளிநாட்டுக் கையேட்டில் ராக்கெட் தலைகீழாக அச்சாகிப் போய்ச் சேர்ந்தது. குமரேசன் கொதித்துப்போனார். "ஒரு தையல் விட்டாக்கூடப் புடிக்கற ஊருங்க இது! ராக்கெட்டு பூமிக்குள்ள போற மாதிரி இருக்குது, ஒருத்தர் கண்ணுலயும் படலீங்களா?"

மறுநாள் காலையில் தம் அப்பாவின் கம்பெனியிலிருந்து செக்கிங் அக்காவை அழைத்துவந்துவிட்டார். தைத்து முடித்த பனியனை டியூப் லைட்டின் கீழே விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கிருந்தாலும் அங்கே சிவப்பு அம்பு ஒட்டுவதுதான் செக்கிங். அந்த வேலையில் அக்காவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ஊத்துக்குளியிலிருந்து ரயிலேறி, கழுத்தில் இஞ்ச் டேப்பும் கையில் அம்பு ஸ்டிக்கர் சுருளுமாக வந்து இறங்கினார். அவருக்கு ஒரு பெயர் நிச்சயமாக இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

முதல் வாரத்தில் சுவரிலிருந்த கடிகாரங்களைச் செக்கிங் செய்தார். வாடிக்கையாளர்களின் நாட்டுக்கு ஒன்றாக ஆறு கடிகாரங்களைக் குமரேசன் பெருமையோடு மாட்டியிருந்தார். "ஆறு கெடிகாரம் இருக்குது, ஒண்ணாவது சரியா ஓடுதுங்களா?" என்று அங்கலாய்த்தபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி ஆறையும் திருப்பூர் நேரத்துக்குத் திருத்திவைத்தார். அன்று கனடா வாடிக்கையாளரை நல்ல தூக்கத்திலிருந்து எழுப்பிக் குமரேசன் காலை வணக்கம் சொன்னார்.

இரண்டாம் வாரத்தில் வானம் மாட்டியது. கையேட்டின் நான்காம் பக்கத்துக் கறுப்பும் ஐந்தாம் பக்கத்துக் கறுப்பும் ஒரே கறுப்பு அல்ல என்று அச்சகக்காரரை வரவழைத்துவிட்டார்.

"அக்கா, வானம்னாலே கறுப்புதானுங்களே!" என்று அவர் கெஞ்சினார்.

"கறுப்புல நாப்பது கறுப்பு இருக்குதுங்க தம்பி. வெளிச்சத்துக்குக் கொண்டாங்க."

வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் பக்கத்தில் இரவு. ஐந்தாம் பக்கத்தில் சாயம்போன இரவு. அச்சகக்காரர் தாள்களை வாரிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அக்காவின் பார்வை என் வாக்கியங்களின் மீது திரும்பியது. பனியன் தொழிலில் ஒரு விதி உண்டு. பட்டன், லேபிள், நூல் எதுவானாலும் வாங்குபவரின் ஒப்புதல், அதாவது அப்ரூவல், கோப்பில் குத்தப்பட்டிருந்தால்தான் துணியில் கை வைக்கலாம். அந்த விதியை அக்கா அப்படியே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நீட்டித்துவிட்டார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் சொல்லவேண்டும். அவர் ஒரே கேள்வி கேட்பார்: "இதுக்கு அப்ரூவல் இருக்குதுங்களா?" ஆதாரம் காட்டினால் பாஸ். இல்லையென்றால் அம்பு.

ஒருமுறை, 'இச்செயற்கைக்கோள் உழவரின் கண்ணீரைத் துடைக்கும்' என்று உள்ளம் உருகி எழுதியிருந்தேன்.

"எந்த உழவருங்க கண்ணு?"

"பொதுவாச் சொல்றதுதானுங்க அக்கா."

"பேரு சொல்லுங்க. ஒருக்கா போன் பண்ணி, தொடச்சாங்களான்னு கேட்டுப்புடலாம்."

என்னிடம் பெயர் இல்லை. உழவருக்காக நெடுநாள் கவலைப்பட்டவன் நான்; ஆனால் தொலைபேசி எண் தெரிந்த ஓர் உழவர்கூட எனக்கில்லை என்பது அன்றுதான் உறைத்தது. இரண்டு நாட்கள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல், தினமும் என் மேசையில் ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டின் மிகப் பெரிய வேலை ஐரோப்பாவிலிருந்து வந்தது. செயலிழந்து சுற்றும் செயற்கைக்கோள்களை அகற்றி விண்வெளியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் நிறுவனம். அதன் கையேட்டின் முகப்பிலேயே, 'விண்வெளியைத் தூய்மையாக வைத்திருக்கிறோம்' என்று அதன் நிறுவனர் எழுதிய வரி இருந்தது.

"இதுவரைக்கும் எத்தன குப்பைங்க எடுத்திருக்காங்க?" என்றார் அக்கா.

"இன்னும் எடுக்கலீங்க. அடுத்த வருசந்தான் மொத வண்டி போகுது."

"அப்ப, வெளக்கமாத்தையே தொடாம வாசல் கூட்டிப்போட்டேன்னு சொல்றாங்களாக்கும்!"

முகப்பில் ஓர் அம்பு விழுந்தது. உள்ளே இருபத்திரண்டு விழுந்தன.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. சுத்தமான பிரதி ஒன்றும் அம்பு ஒட்டிய பிரதி ஒன்றும் மேசையில் இருந்தன. குமரேசன் சென்னைக்குப் போயிருந்தார். பனியன் தொழிலில் சாம்பிள் அனுப்பினால் அதிலுள்ள குறைகளையும் குறித்துத்தான் அனுப்புவார்கள். மறைத்து அனுப்புவது கௌரவக் குறைச்சல். அக்கா அம்பு ஒட்டிய பிரதியைப் பாலிபேகில் போட்டு, 'செக்கர் 14' என்ற தம் பழைய எண்ணை எழுதிய அட்டையைக் கட்டி, கூரியரில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார்.

நான்கு நாட்களில் பதில் வந்தது. 'இதைச் செய்தது யார்? வியாழக்கிழமை காணொளியில் பேசவேண்டும்.' வேறொரு சொல்லும் இல்லை.

குமரேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சுங்க. இவங்க போனா மத்தவங்களும் யோசிப்பாங்க." பிறகு என்னைத் தனியே அழைத்தார். "பயிற்சிக்கு வந்த ஆளு தெரியாமப் பண்ணிட்டாங்க, வேலைய விட்டு எடுத்துட்டோம்னு சொல்லிப்புடுங்க. அக்கா மறுபடியும் அப்பா கம்பெனிக்கே போகட்டும். சம்பளத்துல ஒண்ணும் கொறைக்க மாட்டேன்."

சம்பளம் குறையாது என்பது உண்மைதான். ஆனால் கம்பெனியில் செக்கிங் நின்றுகொண்டு செய்யும் வேலை. அக்காவின் இரண்டு முழங்கால்களும் வீங்கியிருந்தன. மருத்துவர் நிற்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். உட்கார்ந்து பார்க்கும் வேலை அவருக்கு வாழ்க்கையிலேயே எங்கள் அலுவலகத்தில்தான் கிடைத்திருந்தது. ஒரு பக்கம் அந்த முழங்கால்கள். மறுபக்கம் அலுவலகத்தின் ஒன்பது குடும்பங்கள். புதன்கிழமை முழுவதும் இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டேன். படித்த படிப்பு அந்தத் தராசில் எந்தப் பக்கமும் உட்கார மறுத்தது.

வியாழக்கிழமை திரையில் எல்சா என்ற அவர்களுடைய விளம்பரப் பிரிவுத் தலைவர் தோன்றினார். பாலிபேகைத் தூக்கிக் காட்டி, யார் இந்தப் பதினான்கு என்று கேட்டார். நான் பாடம் செய்திருந்த பொய்யைத் தொடங்குவதற்குள் அக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டு திரைக்கு முன்னால் வந்துவிட்டார்.

"வணக்கமுங்க. நானுதானுங்க. அட்டையில நெம்பரு போட்டிருக்குதுங்களே!"

குமரேசன் கண்களை மூடிக்கொண்டார். நான் மொழிபெயர்த்தேன்.

எல்சா ஏழாவது அம்பைக் காட்டி, இந்த இயந்திரம் சோதிக்கப்பட்டதுதான், சான்றிதழ் இருக்கிறது என்று கோபமாகச் சொன்னார். சான்றிதழையும் திரையில் காட்டினார்.

"அப்படிங்களா! மொதல்லயே குடுத்திருந்தா நான் ஏனுங்க ஒட்டறேன்? உரிச்சுப்போடுங்க."

எல்சா நகத்தால் அம்பை உரித்தார். பிறகு பன்னிரண்டாவது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பத்தொன்பதாவதற்குப் பத்து நிமிடம் சண்டை. "விடமாட்டேங்கறாங்களே இந்தம்மா, நம்ம சரக்கச் சோதிக்க வர்ற பையிங் ஆபீஸ்காரங்களாட்டவே இருக்காங்க" என்று அக்கா என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பதினொன்று உரிந்தன, பதினொன்று நின்றன. மிஞ்சியது முகப்பு.

அது எங்கள் நிறுவனர் எழுதியது, தொடவே முடியாது என்றார் எல்சா.

"பெரியவங்க எழுதுனதைத் தொட வேண்டாமுங்க. மொதக் குப்பைய எடுத்த அன்னிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. நானே வந்து அம்ப உரிச்சுப்போடறேன்."

எல்சா சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறித் திரையை அணைத்தார்.

பதில் வரும்வரை அங்கே இருக்கட்டும் என்று குமரேசன் மறுநாளே அக்காவைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். பத்து நாட்கள் கழித்துப் பதில் வந்தது. உள்பக்கங்களைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். முகப்பு வரியை நிறுவனர் விட்டுத்தரவில்லை. அடுத்த ஆண்டு முழுவதற்குமான வேலையையும் எங்களுக்கே கொடுத்து, ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: பதினான்காம் எண் பார்க்காத எதுவும் தங்களுக்கு வரக்கூடாது.

"வண்டிய எடுங்க, போய்க் கூட்டிட்டு வாங்க! நான் போனா மொறைப்பாங்க" என்றார் குமரேசன்.

கம்பெனியில் அக்கா ஒரு காலில் பாரத்தைப் போட்டு மேசையில் சாய்ந்து நின்றிருந்தார். செய்தியைச் சொன்னேன். "அப்படிங்களா" என்றவர், "அந்த மொத வரி?" என்று கேட்டார். அப்படியே இருக்கிறது என்றேன். "அப்ப அதுக்கு மட்டும் குமரேசனையே பாஸ்னு கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றபடி, கையிலிருந்த பண்டலை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். பல்லடம் சாலையில் தனியார் பேருந்துகள் எங்களை உரசிக்கொண்டு பறந்தன. நான் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை.

"ஏனுங்க கண்ணு, நடந்திருந்தாக்கூட இந்நேரம் போயிருக்கலாமாட்ட இருக்குதுங்களே!" என்றார் பின்னாலிருந்து.

ஒரு குழியைச் சுற்றி வண்டியை மெல்ல ஒடித்தேன். உலகம் முழுவதற்கும் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செக்கிங் அக்கா. எதிலும் இடிபடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியிருந்தது.