ஜனாதிபதிக்குத் தினம் ஒரு ரோஜா

உலகத்தின் எந்த மூலையில் ஆட்சி மாறினாலும், முதலில் அடிபடுவது எங்கள் தெருப் பெண்களின் ஜாக்கெட்தான். காரணம், மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் குட்மார்னிங். அவருடைய நிஜப் பெயரை அவர் மனைவியே யோசித்துத்தான் சொல்வார்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மனிதர் மெஷினைத் தொடமாட்டார், போனைத் தொடுவார். எந்தெந்த நாட்டு ஜனாதிபதி, பிரதமர் என்ன பதிவு போட்டிருக்கிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் பனித்துளி சொட்டும் ரோஜாப்பூப் படம் ஒன்றை ஒட்டுவார். கூடவே தமிழில், ‘காலை வணக்கம். வூட்ல எல்லாரும் சவுக்கியமா?’ ராணுவ அணிவகுப்புக்கும் ரோஜா, வரி உயர்வுக்கும் ரோஜா.

“முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் வேணும்யா!” என்று ஒருநாள் என் மனைவி கத்தினாள்.

“இரும்மா, பிரதமரு பட்ஜெட்டு போட்டுக்கினு கீறாரு.”

“எந்த ஊர் பிரதமரு?”

“அது தெரில. மூஞ்சே சரியில்ல, பாவம்.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?” என்றேன் நான்.

“கீழயே மொழிபெயர்க்கிற பட்டன் கீது சார். அமுக்கிப் படிச்சிக்கட்டும்.”

“தெரு விளக்கு எரியலையே, நம்ம ஊர்த் தலைவர்கிட்ட அதையாவது கேக்கலாமில்ல?”

“சீ! பெரிய மனுசங்க பழக்கத்துல உதவி கேக்கக்கூடாது சார். மரியாத பூடும்.”

பெரிய நாட்டுக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும். அதன் ஜனாதிபதி அம்மாள் ஒருநாள் ரோஜாவுக்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டார். தெரு முழுக்க லட்டு கொடுத்தார் குட்மார்னிங். அன்று முதல் அந்த அம்மாள் ‘நம்ம தங்கச்சி’.

இந்தக் கூத்துக்கு நடுவில் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் மகன் ஜோசப்புக்கு அதே தீவில் ஓட்டல் சமையல் வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை. டீச்சர் தயங்கினார்.

“நம்ம தங்கச்சி நாடு டீச்சர். கண்ண மூடிக்கினு அனுப்புங்க!” என்றார் குட்மார்னிங். டீச்சரும் நம்பி அனுப்பினார்.

சில மாதங்களில் புயல் வந்து தீவைப் புரட்டிப்போட்டது. ஜோசப்பின் போன் செத்துவிட்டது. டீச்சர் கடைக்கு வந்தார். திட்டவில்லை. “உங்க தங்கச்சிகிட்ட கேளுங்களேன்,” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

குட்மார்னிங் வேர்த்துக்கொட்ட டைப் அடித்தார். ‘தங்கச்சி, இன்னிக்கு பூ இல்ல. மன்னிச்சுக்கோ. எங்க டீச்சர் புள்ள ஜோசப்பு, உங்கூரு ஓட்டல்ல சமையல் வேல. சுருட்ட முடி. நான்தான் அனுப்பச் சொன்னேன்.’ கூடவே ஜோசப்பின் போட்டோ.

பதில் போட்டது தங்கச்சி அல்ல, அந்த ஊர் ஜனம். தங்கள் தலைவியின் பதிவுக்குக் கீழே தினமும் ரோஜாவைப் பார்த்துப் பழகியவர்கள். இன்று ரோஜாவைக் காணோமே, பூக்கார அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று பட்டனை அமுக்கிப் படித்திருக்கிறார்கள். செல்போன் டவர் பிழைத்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தேடியிருக்கிறார்கள். மறுநாள் அந்தத் தீவு மீனவர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். பள்ளிக்கூட முகாம் ஒன்றில், ஜோசப் அண்டா நிறையக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். ‘உங்கள் பையன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறான்’ என்று கீழே எழுதியிருந்தது.

டீச்சர் படத்தைப் பார்த்து, “வீட்ல ஒரு டம்ளர் கழுவ மாட்டான், கழுத!” என்று ஓவென்று அழுதார். குட்மார்னிங் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“என்ன நம்பி அனுப்புனாங்க சார்,” என்றார்.

நான் அவரை டீ குடிக்க அழைத்துப்போனேன். டீக்கடை நிறையக் கூட்டம். யாரும் கேட்காமலேயே, “இவரு எங்க தெரு ஆளு,” என்று எல்லோரிடமும் சொன்னேன்.